தலைக்கு மேலே பறப்பதைக் கேள்வி கேட்கலாம்!



கூலிம், லூனாஸ், பாடாங் செராய் பக்கம் வாழும் நமக்கு இராணுவ ஹெலிகாப்டர் புதிதல்ல. பட்டர்வொர்த் விமானப்படைத் தளம் இங்கிருந்து சுமார் 30 கிலோமீட்டர்தான். 1971-ல் உருவான ஐந்து நாட்டுத் தற்காப்பு ஏற்பாட்டின் ஒருங்கிணைந்த பகுதித் தற்காப்புத் தலைமையகம் அங்கேதான் இருக்கிறது. மலேசியா, சிங்கப்பூர், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, பிரிட்டன் ஆகிய ஐந்து நாட்டுப் படைகளும் கூட்டுப் பயிற்சி நடத்துகின்றன.

ஹெலிகாப்டர் தாழப் பறந்தால் தகரக் கூரை அதிரும். தொட்டிலில் தூங்கும் பிள்ளை வீறிட்டு அழும். நாம் அண்ணாந்து பார்ப்போம், "பட்டாளத்து ஹெலிகாப்டர்" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குள் போய்விடுவோம். எங்கிருந்து வந்தது, எந்த வழியாகப் போகிறது, ஏன் இவ்வளவு தாழ்வாக வந்தது என்று யாரும் கேட்பதில்லை. ஏன் கேட்பதில்லை? பயம்!

இந்தப் பயத்துக்கு ஒரு வரலாறு உண்டு. 1948 முதல் 1960 வரை நடந்த அவசரகாலத்தில் தோட்டத்து லயங்களைச் சுற்றி முள்வேலி போட்டார்கள். நம் தாத்தா பாட்டிகள் நேரம் பார்த்து வெளியே போய், நேரம் பார்த்து உள்ளே வந்தார்கள். பிரிட்டிஷ்காரர்கள் ஹெலிகாப்டரில் சிப்பாய்களைக் காட்டுக்குள் இறக்கினார்கள். விமானத்திலிருந்து துண்டுப் பிரசுரங்களை வீசினார்கள். சீனத்திலும் மலாயிலும் மட்டுமல்ல, தமிழிலும் வீசினார்கள்! தனக்குத் தேவை என்றால் அரசாங்கத்துக்குத் தமிழ் தெரியும் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

2007 நவம்பர் 25-ஐ நாம் மறக்க முடியுமா? இண்ட்ராப் அழைப்பை ஏற்று ஆயிரக்கணக்கான தமிழர்கள் கோலாலம்பூரில் திரண்டபோது தரையில் கண்ணீர்ப் புகையும் தண்ணீர் பீரங்கியும் பாய்ந்தன. தலைக்கு மேலே போலீஸ் ஹெலிகாப்டர் வட்டமிட்டது. மனு கொடுக்க வந்த மக்களை மேலிருந்து எண்ணிப் பார்த்தார்கள். அடுத்த மாதமே ஐந்து தலைவர்கள் இசா சட்டத்தில் கமுந்திங் முகாமுக்குப் போனார்கள். மேலே இருப்பவன் நம்மைப் பார்க்கலாம், நாம் அவனைப் பார்க்கக் கூடாது என்ற எண்ணம் நம் மனத்தில் ஊறிப் போனதற்கு இவையெல்லாம் காரணம்.

ஆனால் பாதையும் உயரமும் இராணுவத்தின் சொந்த விவகாரம் மட்டுமல்ல, உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். 2024 ஏப்ரல் 23-ஆம் தேதி காலை லுமுட் கடற்படைத் தளத்தில் என்ன நடந்தது? கடற்படையின் 90-ஆம் ஆண்டு விழா ஒத்திகையில் இரண்டு ஹெலிகாப்டர்கள் வானில் மோதி விழுந்தன. 10 பேர் மாண்டார்கள். அவர்களில் ஒருவர் தமிழ் இளைஞர், கடற்படை அதிகாரி. ஒரு ஹெலிகாப்டர் தனக்குக் குறித்த உயரத்தையும் பாதையையும் விட்டு விலகியதை விசாரணை சுட்டிக் காட்டியது. அவை விழுந்தது தளத்துக்குள். அதுவே ஒரு லயத்தின் மேலோ பள்ளிக்கூடத்தின் மேலோ விழுந்திருந்தால்? பறப்பவர்களும் நம் பிள்ளைகள், கீழே இருப்பவர்களும் நம் பிள்ளைகள். இரண்டு பக்கத்துக்காகவும்தான் கேட்கிறோம்.

சட்டம் என்ன சொல்கிறது? அனைத்துலகப் பொது விதிப்படி, நெருக்கமான குடியிருப்புக்கு மேலே பறக்கும் பயணிகள் விமானமோ ஹெலிகாப்டரோ, இறங்கும் நேரமும் ஏறும் நேரமும் தவிர, அங்குள்ள உயரமான கட்டடத்துக்கு மேல் குறைந்தது 300 மீட்டர் உயரத்தில் போக வேண்டும். 1944-ஆம் ஆண்டு சிக்காகோ ஒப்பந்தம் இராணுவ விமானங்களுக்குப் பொருந்தாது. அவை அந்தந்த நாட்டு இராணுவ விதிகளின்படிதான் பறக்கும். அதனால்தான் அந்த விதி என்ன என்று குடிமக்கள் கேட்க வேண்டியிருக்கிறது.

"லாயர், கைப்பேசியில் படம் பிடித்தால் போலீஸ் பிடிக்குமா?" என்று பலர் கேட்கிறார்கள். வீட்டு வாசலில் நின்று வானத்தைப் பார்ப்பதும், கண்டதை எழுதி வைப்பதும் குற்றமல்ல. ஆனால் இராணுவ முகாமைப் படம் எடுக்காதீர்கள். பாதுகாக்கப்பட்ட இடங்களுக்கு 1959-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. யாரோ அனுப்பிய இராணுவக் கடிதத்தையோ வரைபடத்தையோ வாட்ஸ்அப்பில் பரப்பாதீர்கள். அதிகாரத்துவ இரகசியச் சட்டம் 1986 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தது ஓராண்டு சிறை தருகிறது. ஹெலிகாப்டர் வரும் நேரத்தில் டுரோன் பறக்க விடுவது உயிருக்கே ஆபத்து.

பிறகு என்ன செய்யலாம்? ஒரு நோட்டுப் புத்தகம் போதும். தேதி, நேரம், எந்தத் திசையிலிருந்து எந்தத் திசைக்கு, என்ன நிறம், எத்தனை முறை, கூரையோ ஓடோ சேதமானதா என்று எழுதுங்கள். நான்கு வீட்டார் சேர்ந்து எழுதினால் பாதை தானாகத் தெரியும். சேதம் இருந்தால் போலீஸ் புகார் செய்து நகலை வாங்கி வையுங்கள். பிறகு சட்டமன்ற உறுப்பினர், நாடாளுமன்ற உறுப்பினர் வழியாகத் தற்காப்பு அமைச்சுக்குக் கடிதம் கொடுங்கள். வாய்ப் பேச்சு காற்றோடு போகும், எழுத்து கோப்பில் நிற்கும்!

இது நடக்காத காரியமா? நமக்குச் சட்டம் எழுதித் தந்த பிரிட்டனில் தற்காப்பு அமைச்சு தாழ்வாகப் பறக்கும் பயிற்சிகளுக்கு முன்கூட்டியே நேர அட்டவணை வெளியிடுகிறது, பொதுமக்களின் புகாரையும் வாங்குகிறது. அதனால் அந்த நாட்டின் பாதுகாப்பு கெட்டுவிடவில்லை. இங்கேயும் தலைநகரில் தேசிய தின ஒத்திகைக்கு விமானங்கள் தாழப் பறக்கும் முன், மக்கள் பதற வேண்டாம் என்று அறிக்கை விடுகிறார்கள். கோலாலம்பூர்க்காரன் காதுக்கு உள்ள மரியாதை கூலிம் தோட்டத்துப் பிள்ளையின் காதுக்கும் வேண்டும்.

இரகசியப் பணிகளின் விவரம் நமக்குத் தேவையில்லை. பயிற்சிக்கு முன் அறிவிப்பு, குடியிருப்புக்கும் பள்ளிக்கும் மேலே குறைந்தபட்ச உயரம், புகாருக்கு ஒரு முகவரி ஆகிய மூன்றைத்தான் கேட்கிறோம். அந்த அறிவிப்பு தமிழிலும் வரட்டும். அவசரகாலத்தில் வானத்திலிருந்தே தமிழில் வீசத் தெரிந்த அரசாங்கத்துக்கு, இன்று தோட்டத்து அறிவிப்புப் பலகையில் தமிழில் ஒரு தாள் ஒட்ட முடியாதா?

கேட்போம், எழுதிக் கேட்போம்!