சீட்டுக்கட்டும் திருமுறைக் கயிறும்

ஓசூர்ச் சந்திரசூடேசுவரர் மலைக்கோயிலில் எம்மோடு அளவளாவிய சைவ இளைஞர் ஒருவர், நாடோறும் காலையில் 'டாரட்' என்னும் சீட்டுக்கட்டினின்றும் ஒன்றெடுத்து, அதிற்கண்ட ஓவியங்கொண்டு தம் நெஞ்சத்துக் கருணையையும் மகிழ்ச்சியையும் ஆராய்ந்து வருவதாகக் கூறினார். வருங்காலம் அறிதற்கன்று, தம்மை அறிதற்கே என்றுஞ் சொன்னார். யாம் முகஞ்சுளித்தமை கண்டு, "ஐயா, நம் முன்னோர் திருமுறையிற் கயிறு சாத்திப் பார்த்திலரோ? அஃதும் இஃதும் வேறாமாறு எங்ஙனம்?" என்று வினவினார். வினா வலிதே. விடை கூறாதொழிதல் சைவர்க்கு இழுக்கு.

அச்சீட்டு 15ஆம் நூற்றாண்டில் வட இத்தாலியில் விளையாட்டுக்கெனத் தோன்றியது, இதழ்கள் 78. பிரான்சு நாட்டார் ஒருவர் 1781இல் அதனை எகிப்தியரின் மறைநூலென்று சான்றின்றிப் புனைந்துரைத்தார். குறிபார்த்தற் கருவியாக அது பரவியது அதன் பின்னரே. 'ஆரக்கிள்' சீட்டிற்கோ எண்ணுமில்லை, இலக்கணமுமில்லை; வெளியிடுவார் விருப்பமே விதி. பிறநாட்டது என்பதனால் யாம் இகழ்ந்தேமல்லேம். எந்நாட்டுப் பொறியும் வந்திறங்கும் ஓசூரில் அங்ஙனம் இகழ்தல் நகைப்பிற்கிடமாம்.

இனிக் கயிற்றின் செய்தி. மகப்பேறின்றி வருந்திய அச்சுத களப்பாளர் தம் குலகுருவாகிய சகலாகம பண்டிதரை அடைய, அவர் திருமுறையைப் பூசித்துக் கயிறு சாத்தினார். ஆளுடைய பிள்ளையாரின் திருவெண்காட்டுத் திருப்பதிகப் பாடல் வந்தது. களப்பாளர் அதனைப் படித்து மகிழ்ந்து வீட்டிலிருந்தாரோ? அற்றன்று. மனைவியாரோடு திருவெண்காடு சென்று முக்குளத்தும் நீராடி வழிபட்டிருந்தார். இப்பிறவியில் நுமக்கு மகப்பேறில்லை என்று இறைவன் கனவில் உரைத்தபோதும், பிள்ளையார் வாக்கை நம்பி வந்தேன் என்று நின்றார். மறுமுறை கயிறு சாத்தினாரல்லர். அந்நிலையில் தோன்றிய மகவே சிவஞானபோதம் அருளிய மெய்கண்டார். சீட்டெடுப்பாரோ, வந்தது உவப்பாயின் வைத்துக்கொள்வர். உவப்பன்றாயின் கலைத்து மீண்டும் எடுப்பர். கயிறு சாத்துவாருள்ளும் இங்ஙனஞ் செய்வார் உளரெனின், அவரும் திருமுறையைச் சீட்டாக்கினாரே யாவர்.

தன்னையறிதற்கே என்றாரன்றோ? கண் பிறவற்றைக் காணினும் தன்னைக் காணமாட்டாது; பிறவற்றைக் காண்டற்கும் ஒளி வேண்டும். அங்ஙனமே ஆணவத்தாற் கட்டுண்ட உயிர் இறைவனது காட்டும் உபகாரமும் காணும் உபகாரமும் இன்றித் தன்னை அறியமாட்டாது என்பது சித்தாந்தம். ஓவியத்திற்குப் பொருள் கற்பிப்பதும் அம்மனமே, அப்பொருளால் அளக்கப்படுவதும் அம்மனமே எனின், கள்வனையே காவலனாக்கியவாறாம்.

கருணையாவது காலையில் தோன்றி மாலையில் மறையும் ஓர் உணர்ச்சியன்று. திருவீழிமிழலையிற் பஞ்சம் வந்துற்றபோது, சம்பந்தரும் அப்பரும் இறைவன்பாற் படிக்காசு பெற்று அடியார்க்கு அமுதூட்டினர். மகிழ்ச்சியும் அத்தகையதே; நீற்றறையில் ஏழுநாள் இருந்த அப்பருக்கு எச்சீட்டு மகிழ்ச்சியென்று வந்தது?

இத்துணையுங் கேட்ட இளைஞர் மறுத்திலர். விடைபெறுங்கால் ஒன்று சொன்னார்: "ஐயா, இரவு வேலை முடித்துத் தனியறைக்கு மீள்கின்றேன். இவ்வூருக்கு வந்து மூன்றாண்டாயின. திருமுறை ஓதுவிக்கின்றேன் என்று ஒருவரும் என் கதவைத் தட்டிற்றிலர். சீட்டுக்கட்டு வாயிலுக்கே வந்தது." அதற்கு யாம் விடை கூறினேமல்லேம்.