ஆகஸ்ட்டில் மைதானம் யாருக்கு?

2025 ஆகஸ்ட்டில் மைசூருவுக்கு யோகம் அடித்தது என்றுதான் முதலில் நினைத்தோம். கர்நாடக மாநிலக் கிரிக்கெட் சங்கம் நடத்தும் மகாராஜா கோப்பை டி20 தொடர் மொத்தமும் இங்கே. முந்தைய இரண்டு ஆண்டும் பெங்களூரு சின்னசாமி ஸ்டேடியத்தைத் தாண்டாத தொடர் அது. தேவ்தத் படிக்கல், மனீஷ் பாண்டே என்று டிவியில் பார்க்கிற ஆட்கள் இரண்டரை வாரம் நம் மானசகங்கோத்ரி மைதானத்தில் ஆடப்போகிறார்கள் என்று தெருவெல்லாம் பேச்சு. பின்னாலேயே அடுத்த செய்தியும் வந்தது: பார்வையாளர்களுக்கு அனுமதி கிடையாது.

எங்கள் தெருவில் ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் இருக்கிறான். வேகப்பந்து போடுகிறவன், குறைந்தபட்சம் தன்னைப் பற்றி அப்படித்தான் சொல்லிக்கொள்கிறான். “மாமா, ஃபோன்லதான் பாக்கணும்னா அது மைசூர்ல நடந்தா என்ன, மங்களூர்ல நடந்தா என்ன?” என்று கேட்டான். பதில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஜூன் 3ஆம் தேதி பதினெட்டு வருடத் தவத்துக்குப் பிறகு ஆர்சிபி ஐபிஎல் கோப்பையை வென்றது. மறுநாள் சின்னசாமி ஸ்டேடிய வாசலில் நெரிசலில் சிக்கி 11 பேர் செத்துப்போனார்கள். பெரும்பாலோர் இளவயதுக்காரர்கள். அதற்குப் பிறகு எந்த போலீஸ் அதிகாரி கிரிக்கெட் கூட்டத்துக்குக் கையெழுத்துப் போடுவார்? அந்த பயம் நியாயமானது. அதன் விலையை மைசூரு கொடுத்ததுதான் எனக்கு இன்னும் செரிக்கவில்லை.

மைதானத்துக்கு அதிகாரப்பூர்வமான பெயர் ஸ்ரீகண்டதத்த நரசிம்மராஜ உடையார் மைதானம். பழைய ஆட்கள் இன்றும் ‘கங்கோத்ரி கிளேட்ஸ்’ என்றுதான் சொல்வார்கள். நிலம் மைசூரு பல்கலைக்கழகத்துடையது, குத்தகை கிரிக்கெட் சங்கத்துடையது. மைசூர் அரச குடும்பத்து உடையார் 2013 டிசம்பர் 1ஆம் தேதி சங்கத் தலைவராகத் தேர்வாகி, பத்தாம் தேதி காலமானார். மைதானமும் கோப்பையும் அவர் நினைவில்தான் இருக்கின்றன. 2019இல் சூதாட்டப் புகாரில் சிக்கி நின்றுபோன கர்நாடகா பிரீமியர் லீக்தான் 2022இல் மகாராஜா கோப்பையாக மறுபிறப்பு எடுத்தது.

இந்த மைதானத்துக்கு ஒரு நாள் உண்டு. 2010 ஜனவரி 14, சங்கராந்தி. எள்ளும் வெல்லமும் தட்டில் வைத்து வீடு வீடாகக் கொடுக்க வேண்டிய ஊர், கங்கோத்ரி கிளேட்ஸில் கூடியிருந்தது. ரஞ்சி இறுதி ஆட்டத்தின் நான்காம் நாள், கர்நாடகத்துக்கு எதிரே மும்பை. முதல் இன்னிங்ஸில் 130 ரன்னுக்குச் சுருண்டிருந்த கர்நாடகத்துக்கு இலக்கு 338. இருபது வயது மனீஷ் பாண்டேயும் கணேஷ் சதீஷும் சேர்ந்து இருநூறுக்கு மேல் அடித்து ஆட்டத்தையே திருப்பிவிட்டார்கள். 144இல் பாண்டே அடித்த பந்தை அபிஷேக் நாயர் பாய்ந்து பிடித்தார். அங்கிருந்து விக்கெட்டுகள் சரியத் தொடங்கின. அஜித் அகர்கர் ஐந்து விக்கெட் எடுத்தார். கடைசியில் ஆறே ரன்னில் தோல்வி. மும்பை தன் 39ஆவது ரஞ்சிக் கோப்பையைத் தூக்கிக்கொண்டு போனது. மைசூருக்காரர்களிடம் அந்த நாளைப் பற்றி இன்று கேட்டாலும் அந்தக் கேட்ச்சைக் கையால் நடித்துக் காட்டுவார்கள்.

பதினைந்து வருடம் கழித்து அதே மனீஷ் பாண்டே, 12.20 லட்ச ரூபாய்க்கு ஏலம் போய், மைசூரு வாரியர்ஸின் கேப்டனாக அதே மைதானத்தில் இறங்கினார். வாரியர்ஸ் அப்போது நடப்புச் சாம்பியன். முந்தைய ஆண்டு கருண் நாயர் தலைமையில் பெங்களூருவை 45 ரன்னில் தோற்கடித்துக் கோப்பை வாங்கிய அணி. அந்தத் தொடரில் கருண் 560 ரன் அடித்தார். இந்திய அணி அவரை மறந்தே போயிருந்த காலம் அது. திரும்ப வந்த பாதையில் அந்த 560 ஒரு படி. அணியின் சொந்தக்காரர்கள் 1948இல் இங்கே ஊதுபத்தித் தொழில் தொடங்கிய என்.ஆர். குழுமம், நம் பூஜை அறைகளில் இருக்கும் சைக்கிள் பிராண்ட்காரர்கள். ஊர்க்காரர் அணி, ஊர் மைதானம், ஊர் ஞாபகத்தில் இருக்கும் பேட்ஸ்மேன். எல்லாம் கூடி வந்தது, பார்க்க ஊரைத்தான் விடவில்லை.

அந்த ஆகஸ்ட்டில் நான் பாதி நேரம் ஜப்பானில் இருந்தேன். ஃபோனில்தான். சில வருடங்களாக கோஷியன் பார்க்கிற பழக்கம் உண்டு. பேஸ்பால் விதிகள் முழுதாகப் புரிய வேண்டிய அவசியம் இல்லை. ஒரு தடவை தோற்றால் வீட்டுக்குப் போக வேண்டும் என்பது புரிந்தால் போதும்.

1915இல் தொடங்கிய பள்ளிகள் போட்டி அது. மாநிலவாரியாக மூவாயிரத்துக்கும் மேற்பட்ட பள்ளி அணிகள் மோதி, 49 அணிகள் ஆகஸ்ட்டில் கோஷியன் ஸ்டேடியத்துக்கு வரும். பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைகள். என்எச்கே எல்லா ஆட்டத்தையும் ஒளிபரப்புகிறது. கேலரியில் அந்தந்தப் பள்ளியின் பேண்டு வாத்தியம், சீருடை, ஊரிலிருந்து பஸ் பிடித்து வந்த தாத்தா பாட்டிகள். ஆகஸ்ட் 15 நண்பகலில் ஆட்டத்தை நிறுத்தி, போரில் இறந்தவர்களுக்காகத் தலைகுனிந்து நிற்கிறார்கள். தோற்ற பையன்கள் அழுதுகொண்டே மைதானத்து மண்ணைப் பையில் அள்ளிக்கொண்டு போகிறார்கள். 2025இல் ஒகினாவா ஷோகாகு பள்ளி இறுதி ஆட்டத்தில் 3-1 என்று ஜெயித்து முதல்முறையாகக் கோடைக் கோப்பையை வாங்கியது.

எனக்கு அதில் பிடித்த சமாச்சாரம் வேறு. கோஷியன் ஸ்டேடியம் ஹன்ஷின் டைகர்ஸ் என்ற தொழில்முறை அணியின் சொந்த வீடு. ஜப்பானில் தொழில்முறை அணிகள் மொத்தம் 12, ஆளுக்கு ஒரு சீசனுக்கு 143 ஆட்டம். ஹன்ஷினோ வெறிபிடித்த ரசிகர்களைக் கொண்ட அணி. அப்படிப்பட்ட அணி ஆகஸ்ட் வந்தால் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்காக வீட்டைக் காலி செய்துவிட்டுப் போகிறது. வெளியூர் ஆட்டங்கள், ஒசாகாவின் கியோசெரா டோம் என்று மூட்டை தூக்கி அலைகிறது. பொதுத்தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைக்காக வீட்டில் டிவியை அணைத்து வைக்கிற மாதிரிதான். பெரியவர்களுக்கு நஷ்டம் ஒன்றும் வந்துவிடவில்லை. 2025இல் அப்படி அலைந்துவிட்டுத்தான், செப்டம்பர் 7ஆம் தேதியே, அதாவது சென்ட்ரல் லீக் வரலாற்றிலேயே யாரையும்விட முன்னதாக, ஹன்ஷின் லீக் பட்டத்தை உறுதி செய்தது. அதன்பின் ஜப்பான் சீரிஸில் சாஃப்ட்பேங்க் ஹாக்ஸிடம் 4-1 என்று உதை வாங்கியது தனிக் கதை.

கோஷியனைப் புனிதமாக்கிப் பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. பிள்ளைகளின் தோள்பட்டையைத் தின்று வளர்ந்த போட்டி அது. 2018இல் கோசெய் யோஷிதா என்ற விவசாயப் பள்ளி மாணவன் ஒரே தொடரில் 881 பந்து எறிந்தான். அதன் பிறகுதான், 2020இல், வாரத்துக்கு 500 பந்து என்று வரம்பு வைத்தார்கள். 2025இல் ஹிரோஷிமாவின் கோர்யோ பள்ளி, விடுதியில் நடந்த அடிதடி விவகாரம் வெடித்ததால் பாதியிலேயே விலகிக்கொண்டது. இதையெல்லாம் இங்கே கொண்டுவந்து நடுங்கள் என்று நான் கேட்கவில்லை. யார் விளையாடும்போது யார் நகர்ந்துகொள்ள வேண்டும் என்ற வரிசை அங்கே தெளிவாக இருக்கிறது. அதைத்தான் சொல்கிறேன்.

நம் வரிசை வேறு. அமெச்சூர் கிரிக்கெட் இங்கே இல்லாமல் இல்லை. சென்னை முதல் டிவிஷன் லீக்கைத் தெரிந்தவர்களுக்குக் கம்பெனி அணிகள் புதிதல்ல. சன்மாரின் ஜாலி ரோவர்ஸ் ஒன்று போதும். ஜப்பானிலும் 1927 முதல் ஊருக்கு ஒரு கம்பெனி அணி என்று மோதும் போட்டி உண்டு, டோக்கியோ டோமில் நடக்கிறது. மைசூருவில் மண்டல லீக், பள்ளி, கல்லூரி ஆட்டங்கள் வருடம் முழுக்க நடக்கின்றன. மகாராஜா கல்லூரி மைதானத்தில் ஞாயிற்றுக்கிழமை நின்று பார்த்தால் ஒரே புல்லில் நாலு ஆட்டம் ஓடும். யாருடைய ஃபீல்டர் யாருக்கு என்று அம்பயருக்கே சந்தேகம் வரும். அந்தக் கல்லூரியில் படித்து இந்த ஊரிலேயே வாழ்ந்த நம் ஆர்.கே. நாராயண், ‘சுவாமியும் நண்பர்களும்’ நாவலில் பிள்ளைகளுக்கு எம்.சி.சி. என்று ஒரு அணி கொடுத்தார், மால்குடி கிரிக்கெட் கிளப். 1935இல் வந்த நாவல். முந்தைய வருடம்தான் ரஞ்சியின் முதல் ஆட்டம் சேப்பாக்கத்தில் நடந்தது, மதராஸும் மைசூரும். ஏ.ஜி. ராம் சிங் 11 விக்கெட் எடுக்க, மைசூர் 48க்கும் 59க்கும் ஆட்டமிழந்து ஒரே நாளில் கதை முடிந்தது. இந்த ஊரில் அதை நான் அதிகம் பேசுவதில்லை.

மைசூருவின் பெரிய பெயர் ஜவகல் ஸ்ரீநாத். மரிமல்லப்பா பள்ளி, பிறகு எஸ்.ஜே.சி.இ. பொறியியல் கல்லூரி. ஒரு கிளப் ஆட்டத்தில் அவர் பந்து போடுவதைப் பார்த்த ஜி.ஆர். விஸ்வநாத், மாநில அணிக்குச் சொல்லிவிட்டார். 1989-90இல் ஹைதராபாத்துக்கு எதிராக ரஞ்சியில் அறிமுகமான முதல் இன்னிங்ஸிலேயே ஹாட்ரிக். பிறகு டெஸ்டில் 236, ஒருநாளில் 315 விக்கெட். இதில் என் மனம் நிற்கும் இடம் ஹாட்ரிக் அல்ல. டிக்கெட் இல்லாத ஒரு கிளப் ஆட்டத்தைப் பெரிய ஆட்டக்காரர் ஒருவர் நின்று பார்த்தார் என்பதில்தான். பார்க்க ஆள் இல்லாத ஆட்டத்திலிருந்து ஸ்ரீநாத் வரமாட்டார்.

2025 மகாராஜா கோப்பைக்கு வருவோம். ஆகஸ்ட் 11இல் தொடங்கி 28இல் முடிந்தது. இறுதி ஆட்டத்தில் மங்களூரு டிராகன்ஸும் ஹூப்ளி டைகர்ஸும். மழை வந்தது. திருச்சூர் பொறியாளர் ஜெயதேவன் உருவாக்கிய விஜேடி கணக்குப்படி மங்களூரு வென்றது. கைதட்ட அணிகளின் ஆட்களும் ஊழியர்களும் மட்டும்.

கூட்டம் என்றாலே ஆபத்து என்பவர்களுக்கு ஒரு செய்தி. அதே வருடம் ஜூலை 6ஆம் தேதி, பெங்களூரு நெரிசல் நடந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. திண்டுக்கல் பக்கம் நத்தத்தில், என்.பி.ஆர். கல்லூரி மைதானத்தில் டிஎன்பிஎல் இறுதி ஆட்டம். திருப்பூர் தமிழன்ஸ் திண்டுக்கல் டிராகன்ஸை 118 ரன்னில் தோற்கடித்து முதல் கோப்பையை வாங்கியது, பார்வையாளர்கள் முன்னிலையில். அதுவும் கல்லூரி மைதானம், அதுவும் சின்ன ஊர். பெங்களூருவில் செத்தவர்கள் கிரிக்கெட் பார்த்ததால் சாகவில்லை. எத்தனை பேர் வருவார்கள், எந்த கேட் திறக்கும் என்று யாரும் திட்டமிடாததால் செத்தார்கள். அதற்கு மருந்து எண்ணி விற்கும் டிக்கெட்டும் ஒழுங்கான வாசலும். 2022இல் இதே தொடரின் முதல் பாதி இதே மைதானத்தில் ரசிகர்களோடு நடந்தபோது ஊர் அப்படியேதான் இருந்தது.

2025 டிசம்பரில் கிரிக்கெட் சங்கத் தலைவராக வெங்கடேஷ் பிரசாத் தேர்வாகியிருக்கிறார். ஸ்ரீநாத்தின் மறுமுனையிலிருந்து ஓடிவந்தவர். அவருக்கு இரண்டு வேண்டுகோள். மகாராஜா கோப்பை அடுத்த முறை மைசூருவுக்கு வந்தால், ஐயாயிரம் டிக்கெட்டாவது எண்ணி விற்று வாசலைத் திறங்கள். அதைவிட முக்கியமாக, தொடர் தொடங்குவதற்கு முந்தைய வாரத்தை மண்டலப் பள்ளிகளுக்கு ஒதுக்குங்கள். அந்த இறுதி ஆட்டம் கங்கோத்ரி கிளேட்ஸின் நல்ல பிட்ச்சில் நடக்கட்டும். ஏலத்தில் லட்சங்களுக்குப் போன ஆட்கள் அன்றைக்கு வேறெங்காவது பயிற்சி எடுத்துக்கொள்ளட்டும். எங்கள் தெருப் பையன் பந்துவீச வருவான். பார்க்க நானும் வருவேன், நீங்களும் வாருங்கள்.