அப்பா தினமும் வாக்கிங் போறார்... அது மட்டும் போதுமா?

காலை 6 மணிக்குப் பூங்காவில் பாருங்கள். 60 வயதைத் தாண்டியவர்கள் நடைபாதையில்தான் சுற்றுவார்கள். பக்கத்தில் மாநகராட்சி வைத்த உடற்பயிற்சிக் கருவிகளில் சின்னப் பசங்க ஊஞ்சலாடிக்கொண்டிருப்பார்கள். ஏன் இப்படி?

முதல் காரணம், சுகர். ரிப்போர்ட்டைப் பார்த்ததும் டாக்டர் சொல்வது "தினமும் நடங்க" என்பதுதான். நடப்பதற்குக் காசு வேண்டாம், புதிதாக எதையும் கற்கவும் வேண்டாம். புடவையிலேயே நடக்கலாம், யாரும் வேடிக்கை பார்க்க மாட்டார்கள். இதையெல்லாம்விடப் பெரிய விஷயம், பேச்சுத்துணை. ரிட்டயர் ஆனவர்களுக்கு வாக்கிங் பாதி உடற்பயிற்சி, பாதி டீக்கடை! அரசும் 2023 நவம்பரில் 'நடப்போம் நலம் பெறுவோம்' என்று மாவட்டந்தோறும் 8 கி.மீ. நடைபாதைத் திட்டத்தைத் தொடங்கியது.

தெருநாய்க்கும் உடைந்த பிளாட்பாரத்துக்கும் பயந்தவர்கள் மொட்டை மாடியில் 'எட்டு' போடுகிறார்கள். அது சகல நோயையும் தீர்க்கும் என்பது வாட்ஸ்அப் கதை. ஆனால், வீட்டிலேயே நடக்க வழி கிடைக்கிறதே, அது நல்லதுதான்.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. 65 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு உலக சுகாதார நிறுவனம் 2020-ல் சொன்னது மூன்று விஷயங்கள்: வாரம் குறைந்தது 150 நிமிடம் நடை போன்ற மிதமான பயிற்சி, 2 நாளாவது தசைக்கு வலுவூட்டும் பயிற்சி, 3 நாளாவது உடல் சமநிலைப் பயிற்சி. நம் வீடுகளில் பெரும்பாலும் முதலாவதோடு நின்றுவிடுகிறது.

வயதாக ஆகத் தசை கரையும், கால் தடுமாறும். பாத்ரூமில் ஒருமுறை வழுக்கி இடுப்பெலும்பு முறிந்தால், பலர் பழையபடி நடமாடுவதே இல்லை. விழும் ஆபத்தைக் குறைப்பதில் சமநிலை, வலுப் பயிற்சிகளுக்குத்தான் வலுவான ஆதாரம் இருக்கிறது. வெறும் நடைக்கு அந்த அளவு இல்லை.

"இந்த வயசுல ஜிம்மா?" என்ற கூச்சமும் மூட்டு வலி பயமும்தான் தடை. பிள்ளைகளும் ஸ்மார்ட்வாட்ச் வாங்கிக் கொடுத்து 10,000 ஸ்டெப்ஸ் ஆச்சா என்று கேட்கிறார்கள். அந்த எண்ணே 1965-ல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஒரு நடை எண்ணும் கருவியின் பெயரிலிருந்து பரவியதுதான்.

ஜிம் தேவையில்லை. கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து 10 முறை எழுந்து உட்காரலாம். சமையல் மேடையைப் பிடித்தபடி குதிகாலைத் தூக்கி இறக்கலாம். சுவரோரம் ஒற்றைக் காலில் சில விநாடிகள் நிற்கலாம். இதயப் பிரச்சினை, மூட்டு அறுவை சிகிச்சை என்றால் டாக்டரைக் கேட்டுவிட்டுத் தொடங்குவது நல்லது. வாக்கிங் முடிந்ததும் அந்தப் பூங்கா பெஞ்சிலேயே நாலு பேராகச் செய்தால் கூச்சமும் இருக்காது, அரட்டையும் தொடரும்.