வன்னியின் இயற்கையைத் திரையிற் காட்டுவோம்

அண்மையில் எமது வகுப்பறையிலே மாணவன் ஒருவன், பென்குயின் பனிநிலத்திற் குஞ்சு பொரிக்கும் முறையை ஐயந்திரிபறக் கூறினான். கைப்பேசித் திரையிற் கண்டதாம். வேலிக்கு அப்பால் வயலில் நின்ற பறவையைச் சுட்டி, “அது யாது?” என வினவினோம். “கொக்கு, சேர்” என்றான். அதுவோ நத்தைகுத்தி நாரை. வயல் நத்தையைத் தின்று வாழ்வது. குற்றம் மாணவனுடையதன்று. அந்நாரையை அவனுக்கு அவன் மொழியிற் காட்டியவர் இலர்.

ஆதலின், பத்து நிமிடத்துக்கு மேற்படாத இயற்கை விவரணப் படங்களை வன்னி மண்ணிலேயே ஆக்குதல் வேண்டும் என்பது எமது துணிபு.

பொருளுக்குப் பஞ்சமில்லை. நந்திக்கடலை நோக்குவோம். மாரி வெள்ளம் வட்டுவாகலில் மணற்றடையை உடைக்க, கடலும் களப்பும் கலக்கின்றன. கடலிற் பிறந்த இறாற் குஞ்சுகள் களப்பினுட் புகுந்து வளர்ந்து, மீண்டும் கடலை நாடுகின்றன. இது விஞ்ஞானம். அக்களப்பின் கரையிலேதான் வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயில் உளது. வைகாசிப் பொங்கலுக்கென முல்லைத்தீவுக் கடலிலே தீர்த்தமெடுத்து, அவ்வுப்பு நீரில் விளக்கேற்றுவர். இது பண்பாடு. இரண்டையும் ஒருங்கு காட்டாத படம் அரைப்படமேயாம். பாலைமரமும் அத்தகையதே. அதன் பழம் கனியுங் காலத்தை ஊர் மூதாட்டி அறிவார். பழத்தை உண்ட கரடி விதையைக் காட்டிற் பரப்புதலை விலங்கியலார் அறிவர். இருவரும் ஒரு திரையிற் பேசுதல் வேண்டும்.

ஈண்டு ஓர் எச்சரிக்கை. விளக்கெரியும் மரபை விஞ்ஞானத்தின் பெயரால் இழித்தல் வேண்டா. முன்னோர் அனைத்தும் அறிந்திருந்தனர் என வீண்பெருமை பேசுதலும் வேண்டா. ஆராய்ந்தறிந்ததை அறிவென்றும், நம்புவதை நம்பிக்கையென்றும் காட்டுதலே நேர்மை.

காட்டூர்க் கதையை யார் பார்ப்பர் என்பாரும் உளர். முதுமலைக் காட்டிலே யானைக்கன்றுகளை வளர்த்த பொம்மன், பெள்ளி இணையரைப் பற்றிய தமிழ்க் குறும்படம் 2023இல் ஒஸ்கார் பரிசு பெற்றமை அவர்க்கு விடையாகும். எமக்கோ பரிசு வேண்டா. எம் மாணவன் நாரையை நாரையென அறிந்தாற் போதும்.

காலம் தாழ்த்தற்கில்லை. 2009 வரை நிகழ்ந்த இடப்பெயர்வுகளால் ஊரறிவு பெரிதும் கைமாறாதொழிந்தது. மரத்தின் பெயரையும் குளத்தின் குணத்தையும் சொல்லவல்ல முதியோர் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றனர்.

பழைய மாணவர்காள்! உம்முள் விலங்கியல் கற்றோர் உளர். கமராக் கலை வல்லார் உளர். கடல் கடந்து பொருளீட்டுவோரும் உளர். ஆண்டுக்கு ஒரு படமேனும் கல்லூரிக்கு ஈவீராயின், இவ்விழா மலர் வாடிய பின்னும் அது பயன் தரும். உரை எழுதித்தரத் தமிழாசிரியராகிய யாம் ஆயத்தமாயுள்ளோம்.