மார்த்தாளைத் திட்டினது போதும்

வருஷத்துக்கு ரெண்டு தடவையாவது இந்தப் பிரசங்கம் காதுல விழும். லூக்கா 10-ஆம் அதிகாரம், பெத்தானியா வீடு. மரியாள் இயேசுவோட பாதத்தருகே உட்கார்ந்து கேட்டாள், மார்த்தாள் அடுப்படியில அல்லாடினாள், ஆகவே பிரியமானவர்களே, மார்த்தாளா இருக்காதீங்க. ஆமென்.

அடுத்தது அறிவிப்பு நேரம். விபிஎஸ்-க்கு வாலண்டியர் வேணும். பாடகர் குழுவுல ஆண் குரல் பத்தலை. ஆஸ்பத்திரி ஊழியத்துக்கு வேன் சாயங்காலம் 4 மணிக்குக் கிளம்பும். அன்பின் விருந்துக்குச் சமைக்க சகோதரிகள் பேர் குடுங்க.

அடப்பாவிகளா, இப்பத்தானே மார்த்தாளைத் திட்டினீங்க! :-)

ஊழியம், ஐக்கியம், தனி ஜெபம். மூணும் வேணும், மூணையும் 'பேலன்ஸ்' பண்ணணும்னு எல்லாரும் சொல்றாங்க. சரி, யார் பண்ணணும்? அந்தத் தனி ஆள்தான். காலைல 5 மணிக்கு அலாரம் வச்சு ஜெபிக்கணும், ராத்திரி வரைக்கும் ஆபீஸ், சனிக்கிழமை வாலிபர் கூடுகை, ஞாயிறு முழுக்க சபை. முடியலையா? உனக்கு நேரத்தை ஒழுங்குபடுத்தத் தெரியலை, இல்லைன்னா உனக்கு ஆத்தும 'பாரம்' இல்லை.

இந்த இடத்துலதான் எனக்குப் பத்திக்கிட்டு வருது. வேலை வாங்குற சபைக்கு, வேலை செய்யறவனோட தனிமைக்கும் நட்புக்கும் காவல் நிக்கிற கடமை உண்டு. பேலன்ஸ் சபையோட பொறுப்பு. அதை மொத்தமா தனி ஆள் தலையில கட்டறது அநியாயம்.

எனக்குத் தெரிஞ்ச நண்பன் ஒருத்தன். 'கம்ப்யூட்டர் தெரிஞ்ச பையன்'ங்கிற ஒரே தகுதியில, புரொஜக்டர்ல பாட்டு வரி போடற வேலை அவன் தலையில விழுந்துச்சு. அப்புறம் சவுண்ட் மிக்சர். அப்புறம் நேரலை. நாலு வருஷம். ஆராதனையில கண்ணை மூடி ஜெபிச்சதே கிடையாது. மூடினா ஸ்லைடை யார் மாத்தறது? திருவிருந்துக்குக்கூட கடைசி ஆளா ஓடிப்போய் வாங்கிட்டு ஓடிவருவான். திடீர்னு அவன் அப்பாவுக்கு பைபாஸ் ஆபரேஷன். ரெண்டு மாசம் சபைக்கு வர முடியலை. அந்த ரெண்டு மாசத்துல சபையிலேர்ந்து வந்தது மூணே போன். மூணும் ஒரே விஷயம்: "பிரதர், அந்த லேப்டாப் பாஸ்வேர்ட் என்ன?" அப்பா எப்படி இருக்கார்னு ஒருத்தர் கேட்கலை. அதுக்கப்புறம் அவன் போகவே இல்லை. இப்ப அவனைப் பத்திச் சபையில சொல்றது, "தம்பி பின்மாற்றத்துல போயிட்டான், ஜெபிச்சுக்குங்க."

யாருங்க பின்மாறினது?

நம்ம தொழில்ல 'பஸ் ஃபேக்டர்'னு ஒண்ணு சொல்வோம். எத்தனை பேரை பஸ் இடிச்சா புராஜெக்ட் நின்னு போகும்ங்கிற கணக்கு. அது ஒண்ணுன்னா மேனேஜருக்குத் தூக்கம் வராது. சபையில மட்டும் அதுக்குப் பேரு 'அர்ப்பணிப்பு'.

இனி வேதத்துக்கு வருவோம். மார்த்தாள் கதைக்கு நேர் முன்னாடி லூக்கா எழுதினது எது தெரியுமா? நல்ல சமாரியன். அடிபட்டுக் கிடந்தவனைத் தூக்கி, காயம் கட்டி, சத்திரத்துக்குக் காசு குடுத்தவன் கதை. அதுவும் ஊழியந்தான். அதைப் புகழ்ந்த கையோட அடுத்த கதையில ஊழியத்தை எப்படிக் கேவலப்படுத்துவார்? மார்த்தாளுக்கு விழுந்த குட்டு, அவ சமைச்சதுக்கு இல்லை. பலதையும் நினைச்சுக் கலங்கிட்டு இருந்ததுக்கு. யோவான் 12-ல அதே மார்த்தாள் மறுபடியும் பந்தி பரிமாறுறாள். இந்தத் தடவை யாரும் அவளை ஒரு வார்த்தை சொல்லலை. இந்த வசனத்தை யாரும் பிரசங்கிச்சு நான் கேட்டதில்லை.

அப்போஸ்தலர் 6 பாருங்க. கிரேக்கம் பேசற விதவைகளுக்குத் தினசரி உணவு சரியாப் போய்ச் சேரலைன்னு புகார். பன்னிரண்டு பேரும் என்ன செஞ்சாங்க? இருக்கிறவனையே இன்னும் கொஞ்சம் பிழிஞ்சாங்களா? ஏழு பேரைப் புதுசா நியமிச்சாங்க. தங்களோட ஜெபத்தையும் விட்டுக் கொடுக்கலை, விதவைகளோட சாப்பாட்டையும் விட்டுக் கொடுக்கலை. அந்த ஏழு பேர்ல ஒருத்தன்தான் ஸ்தேவான். சாகப்போற நேரத்துல வானம் திறந்திருக்கறதைப் பார்த்தவன். ஆக, பந்தி வேலை செய்யறவன் ஆவிக்குரிய வாழ்க்கையில ரெண்டாம் கிளாஸ்ங்கிற பேச்சும் செல்லாது.

எதிர்ப்பக்கமும் ஒரு கோஷ்டி இருக்கு. "ஊழியமெல்லாம் அப்புறம், எனக்கு ஆண்டவரோட தனி உறவு போதும்"ங்கிற ஆளுங்க. மாற்கு 1 வாசிங்க சார். ராத்திரி ஊரே வாசல்ல கூடி நிக்குது, இயேசு குணமாக்குறார். விடியறதுக்கு முன்னாடி தனியா எழுந்து போய் ஜெபிக்கிறார். தேடி வந்த சீமோனோட அடுத்த ஊருக்குக் கிளம்பிடறார். தனிமைக்குப் போனவர் அங்கேயே குடியிருக்கலை. ஒண்ணு கவனிங்க, எல்லாரும் தேடறாங்கன்னு சொன்னதுக்காக அவர் அதே வாசலுக்குத் திரும்பவும் இல்லை.

இதெல்லாம் நடைமுறைக்கு ஆகுமான்னு கேட்பீங்க. ஜெர்மனியில போன்ஹோஃபர் 1935-லேர்ந்து ஃபின்கன்வால்டேயில நடத்தின போதகர் பயிற்சிப் பள்ளியை 1937-ல ஹிட்லரோட ரகசியப் போலீஸ் மூடிடுச்சு. அந்தக் கூட்டு வாழ்க்கையை வச்சு அவர் எழுதின ஒரு சின்னப் புத்தகம் 1939-ல வெளிவந்துச்சு. மற்றவங்களோட கழிக்கிற நாளுக்கு ஒரு அத்தியாயம், தனியாக் கழிக்கிற நாளுக்கு அடுத்த அத்தியாயம், அதுக்கப்புறம்தான் ஊழியம். அந்த ஊழியத்துலயும் நாக்கை அடக்கறது, பிறர் பேச்சைக் காது கொடுத்துக் கேட்கறது எல்லாம் முன்னாடி வருது. பிரசங்கம் ரொம்பப் பின்னாடி.

நம்ம ஊர்லயே உண்டு. திருப்பத்தூர்ல 1921-ல டாக்டர் ஏசுதாசனும் ஸ்காட்லாந்துக்காரர் டாக்டர் பாரஸ்டர் பேட்டனும் தொடங்கின கிறிஸ்துகுல ஆசிரமம். ரெண்டு பேரும் மருத்துவர்கள். ஏழைகளுக்கு வைத்தியம், கூட்டு வாழ்க்கை, திராவிடக் கோயில் பாணியில ஒரு ஜெபாலயம். மூணும் ஒரே இடத்துல. தனி ஆளோட டைம்டேபிள்னு விடாம, மூணுக்கும் சேர்த்து ஒரு வாழ்க்கையையே அமைச்சாங்க.

ஆசிரமம் கட்டச் சொல்லலைங்க. நாலே விஷயம்:

1. எந்த ஊழியத்துக்கும் ஒரே ஆளை வைக்காதீங்க. குறைஞ்சது ரெண்டு பேர்.
2. மாசத்துல ஒரு ஞாயிறாவது எந்த வேலையும் இல்லாம அவன் பெஞ்சுல உட்காரட்டும்.
3. "வர முடியாது"ன்னு ஒருத்தன் சொன்னா, அவன் ஆவிக்குரிய நிலைமையை ஆராய்ச்சி பண்ணாதீங்க.
4. ஒருத்தன் ரெண்டு வாரம் காணோம்னா போன் பண்ணுங்க. வேலையைப் பத்தி மட்டும் பேசாதீங்க.

இதுக்கும் ஆள் கிடைக்கலைன்னா, நிகழ்ச்சியைக் குறைங்க. நேரலை ஒரு வாரம் நின்னா பரலோகராஜ்யம் நின்னுடாது.

டிஸ்கி: "நீ என்ன ஊழியம் செஞ்சு கிழிச்சே?"ன்னு பின்னூட்டம் போட வர்ற அன்பர்களே, அதுக்கு முன்னாடி உங்க சபையில ஸ்லைடு போடற தம்பிக்கு ஒரு போன் போட்டு, சாப்பிட்டாச்சான்னு கேளுங்க. அப்புறம் வந்து ஆசை தீரத் திட்டுங்க :-)