எந்தக் குரூப்பில் சேர்ப்பது, சாமி?

பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வந்துவிட்டால் போதும், ஞாயிறு திருப்பலி முடிந்ததும் பங்கு இல்லத்தின் முன் பெற்றோர் காத்திருப்பார்கள். சிலருக்குச் சிபாரிசுக் கடிதம் வேண்டும். பலருக்கு ஒரே கேள்வி: "எந்தக் குரூப்பில் சேர்ப்பது, சாமி?"

சென்ற ஆண்டு, கொத்தனார் வேலை செய்யும் ஒருவர் மகனோடு வந்தார். பையன் எடுத்தது முந்நூறுக்குக் கொஞ்சம் குறைவு. "வொக்கேஷனல்தான் தருவோம்னு சொல்லிட்டாங்க. அது படிச்சா வேலை கிடைக்குமா சாமி?" என்றார். தீர்ப்பு வாசிக்கப்பட்ட கைதிபோலப் பையன் தலைகுனிந்து நின்றான். அன்று நேராகப் பதில் சொல்ல என்னால் முடியவில்லை.

அன்புக்குரியவர்களே, தமிழகத்தில் 1978-ஆம் ஆண்டு மேல்நிலைக் கல்வி தொடங்கியபோதே தொழிற்பிரிவும் தொடங்கியது. கல்லூரிக்குப் போக வசதியில்லாத பிள்ளை பள்ளியைவிட்டு வரும்போது கையில் ஒரு தொழிலோடு வரட்டும் என்பதே நோக்கம். 1986-இன் தேசியக் கல்விக் கொள்கை, 1995-க்குள் மேல்நிலை மாணவரில் 25 விழுக்காட்டினரைத் தொழிற்கல்விக்குக் கொண்டுவர இலக்கு வைத்தது. 1992-இல் அந்த இலக்கு 2000-க்குத் தள்ளிப்போடப்பட்டது. அப்போதும் எட்டவில்லை. தொழிற்பிரிவு, மதிப்பெண் குறைந்தவர்களை ஒதுக்கும் மூலையாயிற்று. ஆசிரியர் ஓய்வு பெற்றால் பல பள்ளிகளில் அந்த இடம் நிரப்பப்படுவதில்லை. அவரோடு பாடப்பிரிவும் ஓய்வு பெறுகிறது. அரசை மட்டும் குறை சொல்ல நமக்கு வாயில்லை. நாம் நடத்தும் பள்ளிகள் சிலவற்றிலும் பட்டறை இருந்த இடத்தில் இன்று வேறு வகுப்பறைதான் இருக்கிறது.

இதற்கிடையே வெளியுலகம் நிற்கவில்லை. 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 விதி வந்ததும் புதிய பைக்குகளில் பெரும்பாலும் கார்புரேட்டர் போய்விட்டது. கிருஷ்ணகிரியில் மின் ஸ்கூட்டர் தயாராகிறது. தூத்துக்குடியில் வின்ஃபாஸ்ட் மின்கார் தொழிற்சாலை 2025 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. மின்காரில் சைலன்சர் இல்லை, இன்ஜின் ஆயில் இல்லை. ஆனால் அதன் பேட்டரியில் பல நூறு வோல்ட் உண்டு. தெரியாமல் கை வைத்தால் உயிர் போகும். பழைய பெட்ரோல் இன்ஜினைக் கழற்றி மாட்ட மட்டும் தெரிந்த பையன் அங்கே என்ன செய்வான்?

அப்படியானால் நாளைய வேலை எதுவென்று பார்த்து அதற்கே பிள்ளையைத் தயாரிக்கலாமே என்று தோன்றும். நானும் அப்படித்தான் நினைத்தேன். உதவிப் பங்குத்தந்தையாக இருந்த நாள்களில் "மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷன் படியுங்கள், கைநிறையச் சம்பளம்" என்று இளைஞர்களை அனுப்பிவைத்தேன். வட்டிக்கு வாங்கிப் பணம் கட்டியவர்களும் உண்டு. சில ஆண்டுகளில் மருத்துவரின் குரலைக் கேட்டுக் கணினியே எழுதத் தொடங்கியது. அவர்களில் இருவரை இன்றும் கோயிலில் பார்க்கிறேன். நான் சொன்னதை அவர்கள் ஒருநாளும் குத்திக்காட்டியதில்லை.

எனவே எதிர்கால வேலையின் பெயரைத் துரத்துவது ஆபத்து. வெர்னியர் அளவுகோலால் சரியாக அளப்பது, வரைபடத்தைப் படிப்பது, மின்னோட்டத்தைப் புரிந்துகொள்வது, இயந்திரத்தோடு வரும் ஆங்கிலக் கையேட்டைத் துணிந்து புரட்டுவது: இவை எந்த வேலைக்கும் உதவும். இந்த அடித்தளத்தின்மேல் நான்கைந்து ஆண்டுக்கு ஒருமுறை மாற்றக்கூடிய குறுகிய பயிற்சிகளை வைக்கலாம். அதற்குக் கருவி எங்கே என்பீர்கள். டாடா டெக்னாலஜீஸ் நிறுவனத்தோடு சேர்ந்து 71 அரசு ஐ.டி.ஐ.களைச் சுமார் 2,877 கோடி ரூபாயில் நவீனமாக்கும் திட்டத்தை அரசு கொண்டுவந்தது. ரோபோவும் கணினியால் இயங்கும் லேத்தும் அங்கே வந்திருக்கின்றன. அதே ஊரின் மேல்நிலைப் பள்ளித் தொழிற்பிரிவு மாணவர் வாரம் இரண்டு நாள் அங்கே சென்று பழக ஏன் வழிசெய்யக் கூடாது?

நிறுவனங்களுக்கும் கடமை உண்டு. துரின் நகரில் புனித தொன் போஸ்கோ 1850-களின் தொடக்கத்தில் தம் சிறுவர்களைப் பட்டறைகளுக்கு அனுப்புமுன் முத்திரைத்தாளில் ஒப்பந்தம் எழுதி முதலாளியிடம் கையெழுத்து வாங்கினார். தொழிலைக் கற்றுத்தர வேண்டும், தொழிலுக்குச் சம்பந்தமில்லாத எடுபிடி வேலை வாங்கக் கூடாது, படிப்படியாகக் கூலியை உயர்த்த வேண்டும் என்றெல்லாம் அதில் இருந்தது. இன்று 'அப்ரண்டிஸ்' என்ற பெயரில் ஓராண்டு முழுவதும் ஒரே திருகாணியை முடுக்கிவிட்டு வீடு திரும்பும் பிள்ளைகளை நினைத்தால் அந்தத் தாள் எவ்வளவு பெரியது என்று தெரிகிறது.

அந்தக் கொத்தனாரை மறுவாரம் கூப்பிட்டு விசாரித்ததைச் சொன்னேன். தொழிற்பிரிவு முடித்தால் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேர வழியுண்டு. பொறியியல் சேர்க்கையிலும் தனி ஒதுக்கீடு உண்டு. இது அவருக்கு மட்டுமல்ல, எனக்கும் அதுவரை சரியாகத் தெரியாது. பையன் பக்கத்து ஊர்ப் பள்ளியில் அடிப்படை மின் பொறியியலில் சேர்ந்தான். போன மாதம் பங்கு இல்லத்தில் ஓடாமல் கிடந்த தண்ணீர் மோட்டாரை அவனே சரிசெய்துவிட்டுப் போனான். அவனுடைய தொழிற்கல்வி ஆசிரியர் இந்தக் கல்வியாண்டோடு ஓய்வு பெறுகிறாராம். அந்த இடத்தை என்ன செய்யப்போகிறார்கள் என்று கேட்க, பங்குப் பேரவையினர் இருவரோடு தலைமையாசிரியரைப் பார்க்கப் போகிறேன்.