விருந்து மேசையில் பேய்

"பேய் வருகிறது, தேவதை வருகிறது, ஆகவே மூடநம்பிக்கைப் படம், பகுத்தறிவாளனுக்கு ஆகாது!" இப்படித் தீர்ப்பளிக்கும் தோழர்கள் பெரம்பலூரிலும் உண்டு, அரியலூரிலும் உண்டு. தீர்ப்பு எளிது. திரையைப் பார்த்தார்களா என்பதே ஐயம்!

2020 ஆம் ஆண்டு குன்னத்தில் உருண்டைக் கற்கள் வெளிப்பட்டன. டைனோசர் முட்டை என்று செய்தி பறந்தது. அல்ல, பழங்கடலின் அம்மோனைட் படிவங்கள் என்றனர் ஆய்ந்தவர்கள். கல்லைக் கண்டால், "இது மெய்யா?" என்று கேட்பதுதான் அறிவு. கதையிடம் கேட்க வேண்டியதோ வேறு: "யாருக்கு அடிபணியச் சொல்கிறாய்?"

மெக்சிகோ நாட்டு இயக்குநர் கியெர்மோ தெல் தோரோ 2006 இல் அளித்த 'பான்ஸ் லேபிரிந்த்' படத்திடம் இதைக் கேளுங்கள். காலம் 1944. ஸ்பெயின் பிராங்கோவின் பிடியில். காட்டுக்குள் போராளிகளை வேட்டையாடும் படைத்தலைவன் விடால். அவன் வீட்டில் மனைவியின் முதல் கணவருக்குப் பிறந்த சிறுமி ஒஃபீலியா. அவளுக்கு மட்டும் கொம்புள்ள வனதெய்வம் ஒன்று தோன்றி, மூன்று கட்டளை இடுகிறது.

விடால் வாழும் உலகுக்கு நீலமும் சாம்பலும், நேர்க்கோடுகளும். மாய உலகுக்குப் பொன்னும் செம்மையும், வளைவுகளும். ஒளிப்பதிவாளர் கியெர்மோ நவாரோ இவ்விரண்டுக்கும் இடையே சுவர் எழுப்பவில்லை. காமிரா ஒரு மரத்தைக் கடக்கிறது. அதன் கருநிழல் திரையை மூடி விலகுவதற்குள் உலகம் மாறிவிடுகிறது!

அந்த விருந்துக் காட்சியைப் பாருங்கள். நீண்ட மேசை, தலைப்பக்கம் விடால், முதுகுக்குப் பின்னே கணப்பு நெருப்பு. ஏழைக்குரிய பங்கீட்டு உணவைக் குறைக்கப் பேசுகிறான், பாதிரியார் ஒத்தூதுகிறார். பிறகு நிலத்தடியில் இன்னொரு நீண்ட மேசை, அதே நெருப்பு, தலைப்பக்கம், குழந்தைகளைத் தின்னும் வெளிறிய பிறவி. அருகே குழந்தைகளின் காலணிக் குவியல்! நாஜி முகாம்கள் நினைவுக்கு வரவில்லையா? சொற்பொழிவு ஏதுமில்லை, மேசையை வைத்த இடமே குற்றப்பத்திரிகை.

முடிவில் வனதெய்வமே கேட்கிறது, பச்சிளந்தம்பியின் குருதியில் ஒரு துளி. மறுக்கிறாள் ஒஃபீலியா! கொடுங்கோலனுக்கு மட்டுமன்று, மாயத்துக்கும் அடிபணியாதவள். துப்பாக்கிக் குண்டு அவளுக்குக் கிடைத்த பரிசு. இதையா மூடநம்பிக்கை என்கிறீர்கள்?

நம் நாட்டுக்கும் இந்தக் கண்நோய் புதிதன்று. 1951 இல் கே. ராம்நாத் இயக்கிய 'மர்மயோகி'யில் ஆவி வருகிறது என்று, வயது வந்தோருக்கு மட்டும் என முத்திரை குத்தினர். அரியணையைக் கவர்ந்தவளின் கொடுமையைவிட அந்த ஆவிதான் தணிக்கையாளரை அச்சுறுத்தியது போலும்!

பேயே வராத குடும்பப் படங்கள் எத்தனை! அடித்த கணவனின் காலைத் தொட்டு மனைவி கண்ணீர் விடுவாள், அரங்கம் உருகும். அவற்றுக்கு என்ன தீர்ப்பு வைத்திருக்கிறீர்கள், தோழர்களே?